புனைவுலகின் மொழியும் பெயரிடும் வழக்கும்

கற்பனையான ஒரு மக்கள் கூட்டத்தையோ மறைந்துபோன ஒரு காலத்தையோ எழுதுபவர், அவர்களுக்கு உரிய மொழியையும் பெயர்களையும் அமைக்க வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இதை விரிவாகச் செய்தவர் ஆக்சுபோர்டு பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கின். பின்லாந்து மொழியின் ஒலியைத் தழுவிக் குவென்யாவையும், வேல்சு மொழியைத் தழுவிச் சிந்தாரினையும் உருவாக்கினார். தம் கதைகளின் ஊர்ப்பெயர், ஆட்பெயர் பலவற்றை அவற்றிலிருந்தே பெற்றார்.

தமிழில் இரு வழிகள்

முதல் வழி, இருக்கும் மொழியைச் சலித்தெடுப்பது. கன்னியாகுமரி மாவட்டத்து எழுத்தாளர் ஜெயமோகன் 2005-இல் வெளியிட்ட ‘கொற்றவை’ நாவல், சிலப்பதிகாரக் கதையின் மறு ஆக்கம். வடசொற்களை விலக்கித் தனித்தமிழில் எழுதப்பட்டது. இதில் புதிய மொழி எதுவும் இல்லை. அன்றாடம் புழங்கும் பல சொற்கள் விலக்கப்பட்டதாலேயே வேறொரு காலம் உருவாகிறது.

இரண்டாவது வழி, முற்றிலும் புதிதாக ஆக்குவது. 2015-இல் வெளியான ‘பாகுபலி’ திரைப்படத்தின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி ‘கிளிக்கி’ மொழியை அமைத்தார். அதில் ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் இருந்தன. ‘மின்’ என்றால் நான். அதன் ஒலிகளைத் திருப்பிய ‘நிம்’ என்றால் நீ. விதி இருப்பதால் கேட்பவருக்கு அது வெறும் கூச்சலாகப் படுவதில்லை.

பெயர்கள் எங்கிருந்து வருகின்றன?

சொற்களை விதியால் ஆக்கிவிடலாம். பெயர்களுக்கு அது போதாது. வழிபாடும் உறவும் ஊரும் வேண்டும். நாஞ்சில் நாடு இதற்கு நல்ல சான்று. சுசீந்திரம் கோயிலின் இறைவன் தாணுமாலயன். தாணு சிவனையும், மால் திருமாலையும், அயன் நான்முகனையும் குறிக்கும். அருகிலுள்ள தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் தந்தை பெயர் சிவதாணு. நாகர்கோவிலில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். சுடலைமாடனும் இசக்கியும் இப்பகுதியின் நாட்டார் தெய்வங்கள். கலைவாணரின் முதலெழுத்துகளில் ‘என்’ ஊரையும் ‘எஸ்’ தந்தையையும் சுட்டும். ஒரே பெயரில் ஊர், குடும்பம், தெய்வம் மூன்றும் தெரிந்துவிடுகின்றன.

‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பெயரிடும் வழக்கு இங்கே உறவுச்சொல்லாகவே மாறியிருக்கிறது.

எனவே ஒரு கற்பனைப் பண்பாட்டை எழுத விரும்பும் மாணவர், இனிய ஒலிகளைத் தேடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: அந்த மக்கள் யாரை வணங்குகிறார்கள்? பிறக்கும் குழந்தைக்கு யார் பெயரை வைக்கிறார்கள்? தம் வீட்டு முன்னோர் நால்வரின் பெயர்களுக்குப் பொருள் கேட்டறிவது இதற்கு நல்ல தொடக்கமாகும். அப்பெயர்களை விளக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.