இராஜரத்தினத்தின் ராஜதந்திரம்

ஒரே தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்தொலிக்கும் பெங்களூரு ஜீவனஹள்ளியில் வாழும் என் போன்றோருக்கு, சிங்கப்பூரின் முதல் வெளிவிவகார அமைச்சராகிய சின்னத்தம்பி இராஜரத்தினத்தின் சரித்திரம் அந்நியமானதன்று. 1915-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, தந்தையார் ரப்பர் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, சட்டம் பயில லண்டன் சென்றவர், அங்கே பத்திரிகைத் தொழிலையே தம் மார்க்கமாக வரித்துக்கொண்டார்.

1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மலேசியாவினின்றும் பிரிந்து தனித்து நின்ற சிங்கப்பூருக்குத் தூதரகங்களுமில்லை, அனுபவம் முதிர்ந்த ராஜதந்திரிகளுமில்லை. அந்நிலையிலும், அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் சபையில் அத்தேசத்துக்கு ஆசனம் கிடைத்தபோது அதன் குரலாக நின்றவர் இவரே. 1967-இல் பாங்காக்கில் ஆசியான் ஸ்தாபனப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஐவருள்ளும் ஒருவரானார்.

ஆயினும் நான் பெரிதும் போற்றுவது, இனக்கலவரங்களின் ரணம் ஆறாத 1966-இல், இனம், மொழி, மதம் என்னும் பேதங்களைக் கடந்து ஒரே ஜனமாக நிற்பதற்கென அவர் வரைந்த தேசியப் பிரதிக்ஞையின் வரைவையே. பிரதமர் லீ குவான் யூ திருத்திய வடிவில் அதைப் பள்ளிக்குழந்தைகள் இன்றும் உறுதிமொழியாகச் சொல்கின்றனர். 1980-இல் இராஜரத்தினத்துக்குப்பின் வெளிவிவகார அமைச்சராகப் பதவியேற்ற தனபாலனும் தமிழரே.