தலைநகரின் சாலை மரங்கள்

1911ஆம் ஆண்டில் இந்தியத் தலைநகரைக் கல்கத்தாவினின்று தில்லிக்கு மாற்றுவதாக அறிவிக்கப்பட்டது. புதுதில்லியின் மாளிகைகளை வகுத்த லட்யன்ஸை நாம் அறிவோம். அதன் சாலைகளில் மரம் வளர்த்த மஸ்டோவை அறிந்தவர் சிலரே.

மலரின் கவர்ச்சியைவிட, ஆண்டு முழுவதும் இலை தங்கும் இயல்பே மரத்தேர்வில் முதலிடம் பெற்றது. ஆதலின், இன்று கர்தவ்ய பாதை எனப்படும் பெருவீதியில் நாவலும், ஜன்பத்தில் மருதும், அக்பர் சாலையில் புளியும், வேறு பல சாலைகளில் வேம்பும் இடம்பெற்றன. தில்லிவாழ் தமிழர்க்கு இவை பிறந்த ஊரின் பழகிய முகங்கள்.

ஆயினும் நாவலும் மருதும் இயல்பில் நீர்க்கரை மரங்கள். தில்லியின் வறண்ட பாறைக்குன்றுக்கு உரியன அல்ல. நீர் வார்த்துக் காத்த கைகளாலேயே அவை நிலைபெற்றன. பிற்காலத்தில் நடைபாதைச் சிமெண்டு அடிமரம்வரை நெருங்கி, வேருக்கு நீரும் காற்றும் செல்லாது தடுத்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு அத்தளத்தை அகற்றுமாறு 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

ஒரே காலத்தில் நட்டவை ஒருங்கே மூப்படையும். ஆகவே இடையிடையே இளங்கன்று நடுதலும் வேண்டும். எந்த மாநிலத்தில் நாம் குடியேறியிருப்பினும், வாயில்முன் நிற்கும் மரத்தின் அடிமண்ணை மூடாது காத்தல் நம் கடமையாகும்.