அணிவகுக்கும் துளிகள்

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க என்ன செய்வோம்? நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்போம். மிதமான சூடு என்றால் 'சொய்ங்'... தண்ணீர் காலி! கல் கொதிகொதியென்று காய்ந்திருந்தால்? இன்னும் சீக்கிரம் காலியாக வேண்டும், இல்லையா? அதுதான் இல்லை! முத்து மாதிரி உருண்டு, கல் முழுக்க ஓடி விளையாடும்.

இந்த விளையாட்டை உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஒரு டாக்டர்! இன்றைய ஜெர்மனியில் உள்ள டூயிஸ்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த யோஹான் லைடன்ஃப்ராஸ்ட். இரும்புக் கரண்டி ஒன்றை நெருப்பில் சிவக்கக் காய்ச்சினார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அரை நிமிஷம் தாக்குப்பிடித்தது! கரண்டி சற்று ஆறியதும் அடுத்த சொட்டு. சுமார் பத்தே விநாடியில் மறைந்துவிட்டது.

காரணம் இதுதான். கடும் சூட்டில் துளியின் அடிப்பக்கம் சட்டென்று ஆவியாகிறது. அந்த ஆவியே மெத்தையாகித் துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. துளி கரண்டியைத் தொடுவதே இல்லை, அதனால் சூடும் சுலபத்தில் ஏறுவதில்லை!

1756-ல் லைடன்ஃப்ராஸ்ட் தன் சோதனைகளை லத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். 'கரண்டியில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? பொறுங்கள். பழுக்கக் காய்ந்த எஃகைத் தண்ணீரில் முக்கிக் குளிர்விக்கும்போதும் இதே ஆவி மெத்தை குறுக்கே நிற்கும். அணு உலையில் எரிபொருள் தண்டுகளைச் சுற்றி அது உருவாகிவிட்டால் பெரிய ஆபத்து. தண்ணீர் இருந்தும் தண்டுகள் குளிராது! வெப்பம் பற்றிய ஓர் ஆய்விதழ் டாக்டரின் நூலிலிருந்து ஒரு பகுதியை ஆங்கிலத்தில் அச்சிட்டது. எப்போது? 1966-ல்... 210 வருஷம் கழித்து!

துளிக்கு மிதக்கத் தெரியும், சரி. அணிவகுக்கவும் தெரியுமா? தெரியும் என்று 2004-ல் எழுதினார் ரஷ்யாவின் தியூமென் நகரத்து விஞ்ஞானி அலெக்ஸாண்டர் ஃபெடரெட்ஸ். மெல்லிய தண்ணீர்ப் படலத்தை ஓர் இடத்தில் மட்டும் சூடாக்கினால், மேலே ஈரக்காற்று எழும்புகிறது. அதில் குட்டிக்குட்டித் துளிகள் அந்தரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இங்கே தூக்கிப் பிடிப்பது துளியின் சொந்த ஆவி அல்ல, எழும்பும் காற்று.

காற்றோட்டம் துளிகளை நடுவே கூட்டுகிறது. ரொம்ப நெருங்கினாலோ விலக்கிவிடுகிறது. ஒட்டவும் முடியாது, ஓடவும் முடியாது! விளைவு, தேன்கூடு மாதிரி கச்சிதமான அறுகோண வரிசை. 'லைனில் நில்' என்று அதட்ட யாருமில்லை, தானாகவே நிற்கின்றன.

ஒரு சிக்கல் இருந்தது. துளிகள் பருத்துக்கொண்டே போய், கடைசியில் தண்ணீரில் விழுந்துவிடும். ஃபெடரெட்ஸும் சகாக்களும் அதற்கும் வழி கண்டார்கள். அகச்சிவப்புக் கதிரால் லேசாகச் சூடேற்றினால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மேகத்துக்குள் ஒரே துளியைத் தொடர்ந்து கவனிப்பது நடக்கிற காரியமா? இங்கே நடக்கிறது!

'இதனால் என்ன லாபம்?' என்கிறீர்களா? நானும் காமர்ஸ் படித்தவன்தான், அந்தக் கேள்வி எனக்கும் வரும். டூயிஸ்பர்க் டாக்டரின் கரண்டிக் கணக்கு வரவில் ஏற இரண்டு நூற்றாண்டு ஆனது. தியூமென் கணக்கு ஆரம்பித்து இருபது வருஷம்தான் தாண்டியிருக்கிறது.

அதற்குள் பேரேட்டை மூடிவிடாதீர்கள்!