இருபத்தைந்தில் ஒரு பங்கு வரலாறு

போலந்தின் தென்மேற்கு மூலையில், செக் எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் கோவாரி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே பழைய கம்பள ஆலை வளாகத்தில் ஒரு சிற்றுருப் பூங்கா. கீழ்ச் சிலேசியா என்றழைக்கப்படும் அந்த வட்டாரத்தின் கோட்டைகள், அரண்மனைகள், தேவாலயங்கள், மடங்கள் எல்லாம் 25-இல் 1 பங்கு அளவில் திறந்த வெளியில் வரிசையாக நிற்கின்றன. ஒரு பயிற்சிக்காக வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்குப் போயிருந்த நாங்கள் மூவர், விடுமுறை நாளொன்றில் அங்கே போனோம்.

மாதிரிகளின் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. ஓடுகளும் சன்னல்களும் அத்தனை நுணுக்கம். குனிந்து பார்க்கையில் நமக்கே ஒரு பெரிய மனுஷத்தனம் வந்துவிடுகிறது. வாழ்நாளில் ஒரு கோட்டையை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த அளவில் ஒரு மனிதரின் உயரம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. கட்டடத்தைச் சுருக்கினால் அது அழகாகிறது. அதற்குக் கல் சுமந்தவரைச் சுருக்கினால் அவர் கண்ணுக்கே தெரியாமல் போகிறார். கோட்டை என்றதும் அதற்கு வெளியே யார் நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியோடு மூன்றே மூன்று கட்டடங்களின் கதையை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

அதற்கு முன் சிலேசியாவைப் பற்றி ஒரு சொல். அது கைமாறிக்கொண்டே இருந்த நாடு. 1526-இல் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசர்களிடம் போனது. 1740-களில் பிரஷ்யா பறித்துக்கொண்டது. பிறகு ஜெர்மனி. 1945-க்குப் பின் போலந்து. அப்போது அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு, சோவியத் ஒன்றியத்திடம் இழந்த கிழக்குப் பகுதிகளிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் போலந்து மக்கள் குடியேற்றப்பட்டார்கள். ஆக, இன்று அந்தக் கோட்டைகளைப் பேணுகிறவர்களில் அநேகமாக யாருக்கும் 'எங்கள் பாட்டன் ஆண்ட கோட்டை' என்று மீசை முறுக்க வழியில்லை. 'ஆண்ட பரம்பரை' சுவரொட்டிகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அது ஓர் ஆறுதலாகவே இருந்தது.

முதலில் க்ஷியோன்ஷ் கோட்டை. நானூறுக்கும் மேற்பட்ட அறைகள், படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். 1509 முதல் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஹோஹ்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்தின் சொத்து. அந்தக் குடும்பத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் நிலமும் பின்னாளில் நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்தன. நிலம் என்றால் வெறும் மண் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் குடியிருந்தவர்களும் சேர்த்திதான். பரம்பரை அடிமைக்குடி முறையின் கீழ் ஒரு குடியானவர் பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது, திருமணம் செய்ய முடியாது. அவருடைய பிள்ளைகள் பிரபுவின் வீட்டிலோ பண்ணையிலோ கட்டாய வேலைக்குப் போக வேண்டும். தஞ்சைப் பண்ணையாளின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1807-இல் பிரஷ்ய அரசு இந்த அடிமைக்குடி முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தது. 1810-இல் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பிய குடியானவர், தான் உழுத நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பிரபுவுக்கு விட்டுத்தர வேண்டும் என்று அடுத்து வந்த ஆணைகள் சொல்லின. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவன், உழைப்பைச் சுரண்டியவனுக்கு இழப்பீடு கொடுத்தான். நிலமே இல்லாதவனுக்கு விட்டுத்தர எதுவுமில்லை, பெறவும் எதுவுமில்லை. மலையடிவார நெசவாளர்கள் அந்தக் கடைசி வகை. தறி ஓட்டுவதற்கென்றே பிரபுவுக்குத் தனி வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

கோட்டையின் அடியிலும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் க்ஷியோன்ஷைக் கைப்பற்றி, அதன் கீழே சுரங்கப்பாதைகள் குடையத் தொடங்கினார்கள். குடைந்தவர்கள் குரோஸ்-ரோசன் வதைமுகாமின் கைதிகள். பெரும்பாலும் யூதர்கள். 1944-இல் கோட்டைக்கு அருகிலேயே அவர்களுக்கென ஒரு கிளை முகாம் திறக்கப்பட்டது. தரைக்கு 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்தப் பாதை 2018 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. குரோஸ்-ரோசனிலும் அதன் கிளை முகாம்களிலுமாக ஏறக்குறைய 1,25,000 பேர் அடைக்கப்பட்டார்கள், சுமார் 40,000 பேர் இறந்தார்கள். எந்தச் சிற்றுருவும் தரைக்கு மேலே இருப்பதைத்தான் காட்டும்.

அடுத்தது வாங் தேவாலயம். முழுக்க மரத்தாலான, கறுத்த, கூரைமேல் கூரை ஏறிய விசித்திரமான கட்டடம். இது சிலேசியாவில் கட்டப்பட்டதே இல்லை. நார்வேயில் வாங் என்ற ஊரில் இடைக்காலத்தில் கட்டப்பட்டது. ஊராருக்குப் பெரிய தேவாலயம் தேவைப்பட்டதால் பழையதை விற்க முடிவு செய்தார்கள். டால் என்ற நார்வேஜிய ஓவியரின் முயற்சியால் பிரஷ்ய அரசர் நான்காம் ஃப்ரெடரிக் வில்ஹெல்ம் அதை வாங்கினார். பலகை பலகையாகப் பிரித்துக் கப்பலேற்றி, கடைசியில் இந்த மலையில், இன்றைய கர்பாச் ஊரில், மறுபடி பூட்டினார்கள். 1842-இல் அடிக்கல். 1844 ஜூலை 28 அன்று அரசர் முன்னிலையில் திறப்பு விழா.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து ஆலைகளின் மலிவான நூலும் துணியும் சந்தையை நிறைத்ததால் சிலேசிய நெசவாளர்களின் கூலி ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்தது. (அதே லங்காஷயர் துணிதான் தமிழகத்துத் தறிகளையும் முடக்கியது. நெசவு என்றாலே வேறு சில சாதிகளை மட்டும் நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றான கோலியர் நெசவாளர்கள்.) 1844 ஜூன் 4 அன்று, இன்று பியெஷித்சே என்றழைக்கப்படும் ஊரில், கூலியை அடிமாட்டு விலைக்குக் குறைத்த ட்ஸ்வான்ஸிகர் என்ற துணி வணிகரின் மாளிகைக்கு நெசவாளர்கள் ஊர்வலமாகப் போனார்கள். கூலி உயர்வு மறுக்கப்பட்டது. மாளிகை அடித்து நொறுக்கப்பட்டது. மறுநாள் பக்கத்து ஊரான பியெலாவாவில் ராணுவம் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். பிறகு கைதுகள், சிறை, கசையடி.

துப்பாக்கிச் சூட்டுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே இரண்டு மாதம்கூட இல்லை. இரு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரம் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. எங்கோ நார்வேயில் அழியவிருந்த மரக்கட்டைகள் மேல் அந்த அரசருக்கு இருந்த கரிசனம் உண்மையானதுதான். அவர் ஒரு கலை ரசிகர். பழமையைப் பாதுகாக்கப் பணம் கிடைத்தது. தறிக்காரருக்கு ரவை கிடைத்தது. இரண்டும் ஒரே கருவூலம்.

நெசவாளர்கள் முற்றிலும் மறக்கப்பட்டுவிடவில்லை. நெசவாளர் பேரனான ஹௌப்ட்மன் அவர்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். 1892-இல் பெர்லின் காவல்துறை அதற்குத் தடை போட்டது. 1894-இல் அது பொது மேடை ஏறியபோது பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அந்த அரங்கத்தில் தனக்கிருந்த தனி மாடத்தையே ரத்து செய்தார். அந்த நாடகத்தைப் பார்த்த கேத்தே கோல்விட்ஸ் வரைந்த சித்திரத் தொடர் இன்றும் உலகெங்கும் பார்க்கக் கிடைக்கிறது. பிரபுவுக்குக் கோட்டை மிஞ்சியது, நெசவாளருக்கு ஒரு நாடகமும் சில சித்திரங்களும் மிஞ்சின. கோட்டைக்குச் சிற்றுரு செய்யலாம். பசிக்கு எந்த அளவில் செய்வது?

மூன்றாவதுதான் எங்களை வெகுநேரம் பேச வைத்தது. ஷ்விட்னிட்சாவின் அமைதித் தேவாலயம்.

ஐரோப்பாவில் மதப் போர் முப்பது ஆண்டுகள் நடந்து 1648-இல் முடிந்தது. சிலேசிய மக்களில் பெரும்பாலோர் லூத்தரன்கள், ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசரோ கத்தோலிக்கர். 1653-54-இல் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் லூத்தரன்களிடமிருந்து பறிக்கப்பட்டன. உடன்படிக்கையின்படி பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் போனால் போகிறதென்று மூன்றே மூன்று தேவாலயங்களுக்கு அனுமதி தந்தார். அந்த அனுமதியின் நிபந்தனைகளைப் படித்தபோது எங்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கசப்பான சிரிப்பு.

நகர மதிலுக்கு வெளியேதான் கட்ட வேண்டும். ஆனால் மதிலிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கல்லும் செங்கல்லும் கூடாது. மரம், களிமண், மணல், வைக்கோல் மட்டுமே. கோபுரம் கூடாது, மணி கூடாது. ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். செலவு முழுதும் அவர்களுடையது.

ஊருக்கு வெளியே, ஆனால் ஊரின் கைக்கெட்டும் தூரத்தில். ஓடு வேயக் கூடாது, மாடி கட்டக் கூடாது, மேளம் கேட்கக் கூடாது. வேறு கண்டத்தில், வேறு மொழியில், வேறு காரணத்துக்காக எழுதப்பட்ட ஆணையைச் சேரியில் பிறந்த ஒருவர் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொள்கிறார். இன்னொருவரைத் தாழ்ந்தவராக வைத்திருக்க விரும்புகிற ஆட்சி, அவர் கட்டும் சுவரின் உயரத்திலும் அவர் எழுப்பும் சத்தத்திலும்தான் முதலில் கை வைக்கிறது.

குவோகுஃபில் கட்டியது 1758-இல் தீக்கிரையானது. யாவோரிலும் ஷ்விட்னிட்சாவிலும் உள்ளவை மூன்றரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கின்றன. 2001-இல் யுனெஸ்கோ இரண்டையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. வெளியே மாட்டுக்கொட்டகை போன்ற எளிய மரச்சட்டச் சுவர். உள்ளே அடுக்கடுக்கான மாடங்கள், வண்ண ஓவியங்கள், தங்கப் பூச்சு. ஷ்விட்னிட்சாவில் 7,500 பேர் கூடலாம், அதில் 3,000 பேர் உட்காரலாம். கோபுரம் எழுப்பக் கூடாது என்றவர்களுக்குக் கூரைக்கு உள்ளே பதில் சொல்லியிருக்கிறார்கள். சிற்றுருவில் இது தெரியாது. உள்ளே போக முடியாத ஏழு சென்டிமீட்டர் மனிதருக்கு அது கொட்டகைதான்.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய கதை. இதோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் அந்த மாடங்களை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பீடத்தில் நிற்கும் போதகருக்கு எதிரே, மிகச் சிறந்த இடத்தில், கண்ணாடிச் சன்னல்களோடு ஒரு தனி மாடம் இருக்கிறது. அது ஹோஹ்பெர்க் குடும்பத்துடையது. க்ஷியோன்ஷ் கோட்டைக்காரர்களேதான். அவர்களும் லூத்தரன்கள், தேவாலயம் கட்ட மரம் கொடுத்தவர்கள். அதற்கான மரியாதை அந்த மாடம். மற்ற மாடங்களில் தொழிற்குழுக்களுக்கும் நகரத்துப் பெரிய குடும்பங்களுக்கும் தனித்தனி இருக்கைகள். நெடுந்தூரம் நடந்து வந்த நாட்டுப்புற ஏழைகளுக்கு நிற்க இடம். பேரரசர் எல்லோரையும் சேர்த்து மதிலுக்கு வெளியே தள்ளினார். தள்ளப்பட்டவர்கள் உள்ளே போனதும் தங்களுக்குள் படி வைத்துக்கொண்டார்கள்.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கியதன் வலிமை இங்கேதான் புரிகிறது. ஒடுக்கப்பட்டவர் எல்லோரும் ஒரே தளத்தில் நிற்பதில்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். லூத்தரனுக்குக் கதவுகள் இருந்தன. மதம் மாறலாம், பக்கத்து சாக்சனிக்குப் போய்விடலாம். அரசியல் மாறியபோது தடையும் தளர்ந்தது. 1707 உடன்படிக்கைக்குப் பின் ஷ்விட்னிட்சாவில் மணிக்கூண்டு எழுந்தது. 1740-களில் பிரஷ்யா வந்ததும் லூத்தரன்கள் பல ஊர்களில் வழிபாட்டு இல்லங்கள் கட்டிக்கொண்டார்கள். நூறு ஆண்டுக்குள் கதை முடிந்தது. சாதிக்கு அரசன் மாறினால் போதாது, மதம் மாறினாலும் போதவில்லை.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த கட்டடம் வேறு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த தேவாலயம் இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் சேரும்படி கட்டப்பட்டது. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானோர் மறுபக்கம். இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்காமலே பூசை காணலாம். மக்கள் அதைக் கால்சட்டைக் கோவில் என்றார்கள். 1910-இல் நடுத்தடுப்பு அகற்றப்பட்டபோது அதை மீண்டும் கட்டித்தரக் கேட்டு வழக்கு நடந்தது. தேவாலயத்துக்குள் சாதி உரிமை கொண்டாட முடியாது என்று 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இங்கே பிரிவினை கேட்டது பேரரசர் இல்லை, ஒரே நற்கருணை வாங்கிய விசுவாசிகள்.

அந்தத் தடுப்பு போய்விட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் பிணங்களை மற்றவர்களின் பிணங்களிலிருந்து பிரித்து நின்ற சுவரைப் பற்றி நம் காலத்திலும் போராட வேண்டியிருந்தது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையோ கிறித்தவருக்குச் சாதியில்லை என்ற அனுமானத்தில் தலித் கிறித்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களின் வழக்கு 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. 2022-இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. சட்டத்துக்கு அவர்கள் சாதியற்றவர்கள், கல்லறைக்குச் சாதியுள்ளவர்கள்.