ஒவ்வொரு 'டிக்' ஒலியும் ஒரு சாட்சி

கருத்துக்களத்திற்குப் பேராக்கிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "தம்பி, நெருப்பு சுடும். புகை நெடியடிக்கும். இந்தக் கதிர்வீச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. புக்கிட் மேராவில் அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. தோரியம் கலந்த அதன் கழிவை எதிர்த்து மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் ஆலை மூடப்பட்டது. இருதரப்பு நிபுணர்களும் வைத்த அளவுகளும் விளக்கங்களும் ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய வழக்கில் கருவிதானே சாட்சி!

நான் இயற்பியல் படித்தவன் அல்லன். தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்றவன். ஆனாலும் அந்தச் சாட்சியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது நம் எல்லாருக்கும் உரியது என்றே தோன்றியது.

இருட்டறையில் எண்ணியவர்கள்

மான்செஸ்டர் பல்கலைக்கழகம், 1908. அங்கே எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் இளம் ஜெர்மானியர் ஹான்ஸ் கைகரும் ரேடியத்திலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்களை எண்ண முனைந்தனர். துகள் பட்டால் மின்னும் துத்தநாக சல்ஃபைடு திரையை நுண்ணோக்கி வழியே பார்த்து எண்ணுவது ஒரு முறை. இருட்டில் கண் பழகும் வரை காத்திருக்க வேண்டும். கண் களைத்தால் கணக்குத் தவறும்.

எனவே அவர்கள் ஒரு பித்தளைக் குழாயை அமைத்தனர். நடுவே ஒரு மெல்லிய கம்பி, உள்ளே அழுத்தம் குறைந்த வாயு, இரண்டிற்கும் இடையே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். ஒரு துகள் நுழைந்தால் மின்மானியின் முள் துள்ளும். ஒரு கிராம் ரேடியம் ஒரு விநாடிக்குச் சுமார் 3,400 கோடி ஆல்ஃபா துகள்களை வெளியிடுகிறது என்று கணக்கிட்டனர். இன்றைய கணக்கு ஏறத்தாழ 3,700 கோடி. நூறாண்டுக்கு முந்தைய குழாய்க்கு இது சாதாரண வெற்றியா?

வதந்தி பரவுவது போல

குழாய்க்குள் நடப்பது என்ன? கதிர், வாயு அணு ஒன்றில் மோதி ஓர் எலக்ட்ரானைப் பிரித்துவிடுகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட கம்பி அதை இழுக்கிறது. விரைந்து ஓடும் எலக்ட்ரான் வழியில் இன்னோர் அணுவில் மோத, எலக்ட்ரான்கள் இரண்டாகின்றன. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிறது. ஒருவர் காதில் சொன்ன செய்தி ஊரெல்லாம் பரவுவது போல, நொடிப்பொழுதில் கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள் கம்பியை அடைகின்றன. அந்த மின்துடிப்பே ஒலிபெருக்கியில் 'டிக்' என்று கேட்கிறது.

வதந்தியை அடக்காவிட்டால் அடுத்த செய்தி காதில் விழாது. குழாயும் அப்படித்தான். ஒவ்வொரு துடிப்பும் உடனே தணிய வேண்டும். அதற்காக 1937-இல் ஆல்கஹால் ஆவியைக் கலக்கும் முறை வந்தது.

அதற்கு முன்பே, 1928-இல், ஜெர்மனியின் கீல் நகரில் கைகரும் அவருடைய மாணவர் வால்தர் முல்லரும் இக்குழாயைப் பல வகைக் கதிர்களையும் உணரும் கருவியாக உயர்த்தினர். அருகே கதிரியக்கப் பொருள் இல்லாதபோதும் குழாய் துடித்தது. கருவியின் கோளாறு என்று கருதப்பட்ட அத்துடிப்புகளில் பெரும்பகுதி, மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்களால் எழுந்தவை என்பது புலனாயிற்று. பழுது என்று நினைத்தது உண்மையாக இருந்தது!

மௌனமும் பொய் சொல்லும்

இங்கேதான் எச்சரிக்கை தேவை. இக்குழாய் எண்ணும், ஆனால் வந்த கதிரின் ஆற்றலைச் சொல்லாது. சிறிய கதிரானாலும் பெரிய கதிரானாலும் அதே 'டிக்'தான். கதிர்வீச்சு அளவுக்கு மிஞ்சினால் மூச்சுவிட நேரமின்றிச் சில குழாய்கள் மௌனமாகவும்கூடும்.

1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, மணிக்கு 3.6 ராண்ட்ஜன் என்ற அளவு மேலிடத்திற்கு அறிவிக்கப்பட்டது. உண்மையில் அது கைவசம் இருந்த கருவிகள் காட்டக்கூடிய உச்சம். உலையின் சிதைவுகளுக்கு அருகே இருந்ததோ அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. கருவி எந்த வகையானாலும் பாடம் ஒன்றே: முள் நின்ற இடம் உண்மை நின்ற இடமாகிவிடாது.

2011 மார்ச் 11-க்குப் பின் ஃபுகுஷிமாவில் நிலைமை வேறாக இருந்தது. தம் தெருவின் அளவை அறிய மக்கள் தவித்தபோது, சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வக் குழு கைகர் குழாய்களைக் கார்களில் பொருத்தி ஊர் ஊராக அளந்தது. கிடைத்த எண்களை எவரும் பார்க்குமாறு வெளியிட்டது. ஒரே ஊருக்குள்ளேயே இடத்துக்கு இடம் அளவு மாறுவதை மக்கள் கண்டனர். அச்சப்பட வேண்டிய இடமும் தெரிந்தது, அச்சம் வேண்டாத இடமும் தெரிந்தது.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். தெரிந்துகொள்ள முடியும் அம்மா. ஆனால் குழாய் மட்டும் போதாது. யார் அளந்தார், எங்கே அளந்தார், அந்தக் கருவியின் எல்லை என்ன என்றும் நாம் கேட்க வேண்டும். விஞ்ஞானி ஆகாமலேயே கேட்கக்கூடிய கேள்விகள் இவை. கேட்கத் தெரிந்த மக்களிடம் எண்களை மறைப்பது எளிதல்ல.