ஊழியம்: விதியா, முறையா?

‘ஊழ்’ என்றால் விதி. ஆகவே, ஆதியிலேயே விதிக்கப்பட்டவர் மட்டும் செய்யும் திருப்பணியே ‘ஊழியம்’ என்று பிரசங்க மேடைகளில் பொருள் சொல்லி வருகிறார்கள். ‘ஊழி’யோடு ஒட்டி, யுகயுகமாய் நிலைக்கும் பணி என்பாரும் உண்டு. பின்னது வெறும் ஒலி விளையாட்டு, விட்டுவிடலாம். முன்னதில் வேர் சரி, பொருள் பிழை. பரிமேலழகர் ஊழுக்கு ஈடாக அடுக்கும் சொற்களில் விதியோடு ‘முறை’யும் உண்டு. மலையாளத்தில் ‘ஊழம்’ என்றால் இன்றும் ஒருவருக்கு வரும் முறைதான். கன்னட ‘ஊளிக’, தெலுங்கு ‘ஊடிகமு’ இரண்டும் பணிவிடையைக் குறிப்பவை. நம் கோழி அங்கே கோளி என்றும் கோடி என்றும், ஏழு ஏளு என்றும் ஏடு என்றும் நிற்பதை அறிந்தவருக்கு இவை ஒரே சொல் என்பதில் ஐயம் எழாது. அச்சொற்களில் விதியின் வாடையே இல்லை. முறைவைத்து வாங்கிய வேலையே ஊழியம் என்பது என் துணிபு.

சொல்லுக்குரிய பொருளைத் திருவிதாங்கூரில் பார்க்கலாம். அங்கே ஊழியம் என்பது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தாக வேண்டியிருந்த கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதியார் தலையில் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்றோ அங்கே ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்தபோது, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. இன்றோ ஞாயிறுதான் ஊழிய நாள்! கட்டாய வேலையைக் குறித்த வேறு சொற்களுக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. சோழர் கல்வெட்டுகளின் ‘வெட்டி’ இன்று வெட்டிப்பேச்சில் வந்து நிற்கிறது. ‘அமஞ்சி’யோ தமிழ் வேதாகமத்தில் ஒதுங்கிவிட்டது: சாலொமோன் லீபனோனுக்கு அனுப்பிய 30,000 பேர் அமஞ்சி ஆட்கள், மாதத்துக்கு 10,000 பேராக மாறிமாறிப் போனவர்கள். கட்டாயத்தோடு முறையும் சேர்ந்தே வருவதைக் கவனிக்க. லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியாவும் தன் வகுப்பின் முறைமைப்படியே ஆசாரிய ஊழியம் செய்கிறான். அந்த நாள்கள் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறான். ‘முழுநேர ஊழியம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வேர் எப்படியிருந்தாலும் வழக்கே பொருளைத் தீர்மானிக்கும், வேதாகமத் தமிழில் ஊழியம் போதகர் பணிதான் என்று மறுப்பார்கள். அந்த வழக்கையே பார்ப்போம். எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் அடிமைகளிடம் பேசுகிறார். ஐந்தாம் வசனத்தில் ‘வேலைக்காரர்’, ஆறாம் வசனத்தில் கிறிஸ்துவின் ‘ஊழியக்காரர்’. கிரேக்கத்தில் இரண்டும் ‘தூலொஸ்’ என்ற ஒரே சொல், பொருள் அடிமை. ரோமர் நிருபத் தொடக்கத்தில் பவுல் தமக்குச் சூட்டிக்கொள்வதும் அதுவே. பந்திவிசாரணையும் வசனத்தைப் போதிக்கும் ஊழியமும் வேறுவேறு என்று அப்போஸ்தலர் 6ஐக் காட்டுவோருக்கும் அதே விடை: மூலத்தில் இரண்டும் ‘தியாகொனியா’ என்ற ஒரே சொல்லின் வழி வந்தவை. பிரித்தது தமிழ் மொழிபெயர்ப்பு. அந்தப் பிரிவின்மேல் ஓர் இறையியலே கட்டிவிட்டோம்.

கட்டாய வேலைக்குரிய சொல்லை எல்லா உழைப்புக்கும் விரித்தால் கொடுமையைப் புனிதமாக்குவதாகாதா என்பது எளிதில் தள்ளக்கூடாத கேள்வி. ஆனால் ஒருவன் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாதென்கிறது மத்தேயு. உழைப்பவனின் எஜமான் கிறிஸ்து என்றால், மனித எஜமானின் அதிகாரம் அங்கேயே குறுகிவிடுகிறது. அவனுக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டென்று எபேசியர் 6:9 எச்சரிக்கிறது. மாற்கு 10:45இல் ஊழியம் கொள்ள வராமல் ஊழியம் செய்ய வந்தவர் மனுஷகுமாரனே. வேலை பாவத்தின் தண்டனை என்பாரோ ஆதியாகமத்தில் ஓர் அதிகாரம் பிந்தித் தொடங்குகிறார்கள். சாபம் மூன்றாம் அதிகாரத்தில். தோட்டத்தைப் பண்படுத்தும் வேலை இரண்டாம் அதிகாரத்திலேயே வந்துவிட்டது. அங்கே வரும் எபிரேய வினைக்கு உழுதல், பணிசெய்தல், வழிபடுதல் மூன்றும் பொருள். அம்மூன்றையும் ஒருங்கே தாங்கத் தமிழில் தகுந்த சொல் ஊழியமே. தச்சனின் இழைப்புளிக்கும் அதில் பங்குண்டு, தாயின் அடுப்படிக்கும் உண்டு. ஊழியம் என்பது முறை. அந்த முறை எல்லாருக்கும் வரும்.