புதுச்சேரியின் அஞ்சல் குறியீட்டு எண்கள்

புதுச்சேரியின் அஞ்சல் குறியீட்டு எண்கள் என்பவை, இந்தியாவின் ஒன்றியப் பகுதிகளுள் ஒன்றான புதுச்சேரியில் வழங்கும் ஆறு இலக்க அஞ்சல் எண்களாகும். இவ்வொன்றியப் பகுதிக்கெனத் தனி எண் தொகுதி கிடையாது. இதன் நான்கு பிராந்தியங்களும் மூன்று அஞ்சல் வட்டங்களில் அடங்குகின்றன.

புவியியல்

புதுச்சேரியின் பரப்பளவு ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 12,47,953. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதிகள் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தன. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நிறைவேறியது. புதுச்சேரி, காரைக்கால் ஆகியன தமிழ்நாட்டாலும், மாகே கேரளத்தாலும், ஏனாம் ஆந்திரப் பிரதேசத்தாலும் சூழப்பட்டுள்ளன. மாகே அரபிக்கடலோரத்திலும், ஏனாம் கோதாவரிக் கழிமுகப் பகுதியிலும் அமைந்துள்ளன. புதுச்சேரிப் பிராந்தியமும் ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. அதன் பகுதிகளுக்கு இடையிடையே தமிழ்நாட்டின் ஊர்கள் உள்ளன.

எண்ணின் அமைப்பு

அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகத்து 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் அஞ்சல் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து தபால்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். தமிழ்நாடு, கேரளம் ஆகியவை 6ஆம் மண்டலத்திலும், ஆந்திரப் பிரதேசம் 5ஆம் மண்டலத்திலும் உள்ளன.

பிராந்திய வாரியாக

* புதுச்சேரி - 605001 (தலைமை அஞ்சலகம்), தமிழ்நாடு வட்டம்
* காரைக்கால் - 609602, தமிழ்நாடு வட்டம்
* மாகே - 673310, கேரள வட்டம்
* ஏனாம் - 533464. ஆந்திரப் பிரதேச வட்டம்

இவற்றின் முதல் மூன்று இலக்கங்கள் அண்டை ஊர்களுடன் பொதுவானவை. 605 விழுப்புரத்திற்கும் (605602), 609 மயிலாடுதுறைக்கும் (609001), 673 கோழிக்கோட்டிற்கும் (673001), 533 காக்கிநாடாவிற்கும் (533001) உரியன. புதுச்சேரிப் பிராந்தியத்தைச் சேர்ந்த பாகூரின் எண் கடலூரைப் போல 607 எனத் தொடங்குகிறது (607402). மறுபுறம், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லின் எண் 605101 ஆகும்.

நிருவாக எல்லையும் அஞ்சல் எல்லையும்

தபால்கள் செல்லும் வழியையும் பிரிக்கும் இடத்தையும் ஒட்டியே இவ்வெண்கள் அமைந்துள்ளன. புதுச்சேரி நகரிலிருந்து ஏறத்தாழ 840 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஏனாமிற்கு வரும் கடிதத்தைப் புதுச்சேரி வழியாக அனுப்புவதால் காலதாமதமே மிஞ்சும். இதற்கு மாறாக, வாகனப் பதிவு எண்கள் நிருவாகத்தைப் பின்பற்றுபவை. ஆகவே நான்கு பிராந்தியங்களுக்கும் பிஒய் என்னும் எழுத்துகளே பொதுவானவை.

இத்தகைய வேறுபாடு மாநிலங்களுக்குள்ளும் உண்டு. சவ்வாது மலைப் பகுதியை அடுத்த கண்ணமங்கலம், 1989 இல் உருவான திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் அதன் எண் (632311) வேலூருக்குரிய 632 என்றே தொடங்குகிறது. திருவண்ணாமலை நகரின் எண் 606601 ஆகும்.

அஞ்சல் எண்ணின் தொடக்க இலக்கங்களை மட்டும் கொண்டு மாநிலத்தைத் தீர்மானிக்கும் கணினி நிரல், ஏனாம்வாசியை ஆந்திரத்தவராகவும் மாகேவாசியைக் கேரளத்தவராகவும் பதிவு செய்துவிடும். எனவே முகவரிப் படிவங்களில் மாநிலம் அல்லது ஒன்றியப் பகுதியின் பெயரைத் தனியே பெறுவது இன்றியமையாதது.